உப்புக்கு வந்த ஆடு



இன்றைக்கு ஆட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆடு பார்க்கவா அமெரிக்கா போனீங்க? நம்ம வாரச் சந்தையில இல்லாத ஆடா?" நியாயமான கேள்வி. சந்தையில் ஆட்டைப் பார்க்கிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், தொடையைத் தட்டிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். ஆனால் ஓர் ஆடு, யாருக்கும் சொந்தமில்லாத ஆடு, தன் பாட்டுக்குத் தன் பிழைப்பைப் பார்ப்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் அறுபத்திரண்டு வயது வரை பார்த்ததில்லை.

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவைத் தொட்டுக்கொண்டு மொன்டானா என்றொரு மாநிலம். அங்கே கிளேசியர் தேசியப் பூங்கா. 1910-இல் அமைக்கப்பட்டது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வர வேண்டாம். கண்ணுக்கு எட்டிய வரை கல் மலை. ஜூலையிலும் உருகாத பனி. மலையைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலைக்கு 'சூரியனை நோக்கிப் போகும் சாலை' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் லோகன் கணவாய். 2,025 மீட்டர் உயரம். ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம்தான். ஆனால் குளிரில் கொடைக்கானல் அதன் கால்தூசி பெறாது.

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தது மருமகன். வண்டி ஓட்டுவார், வழி தெரியும், பொறுமைசாலி. முதல் நாள் கணவாயில் இறங்கியதும் எதிர்மலையைக் காட்டி, "அதோ ஆடு" என்றேன். பைனாகுலரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா மாமா" என்றார். கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. அது மேய்கிறது என்றேன், படுத்து அசைபோடுகிறது என்றேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "மாமா, அது அசையவே இல்லையே?" அது பனித்திட்டு. பாறை இடுக்கில் தேங்கிய பனி. அதற்கு நான் கால், தலை, கொம்பு எல்லாம் வைத்துவிட்டிருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பனித்திட்டுக்கு இருபதடி இடப்பக்கம் நிஜ ஆடுகள் மூன்று படுத்திருந்தன. பனி வெள்ளையாக இருக்கும், ஆடு கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை, துவைத்துத் துவைத்துப் பழசான வேட்டி மாதிரி. இந்த வித்தியாசம் தெரிய எனக்கு ஒரு நாள் பிடித்தது.

சரி, என்ன ஆடு அது? இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. நமக்கு ஆடு என்றால் வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளாடு வாலைத் தூக்கி நிற்கும், எட்டிக் கொழை தின்னும், வேலி தாண்டும். செம்மறி வாலைத் தொங்கப்போட்டுத் தலையைக் குனிந்து புல் மேயும், ஒன்று போன வழியில் ஒன்பது போகும். அந்த மலையிலும் இரண்டு சாதி உண்டு. வெள்ளையாய், தாடியோடு, கத்தி போன்ற கறுத்த சிறு கொம்போடு இருப்பது மலையாடு. பழுப்பு உடம்பு, பின்புறம் வெள்ளை, கிடாவுக்குச் சுருண்டு வளைந்த பெருங்கொம்பு என்றால் அது பெருங்கொம்புச் செம்மறி. அவர்கள் பிக்ஹார்ன் என்கிறார்கள்.

இதில் செம்மறி நிஜமாகவே செம்மறி இனம்தான். மலையாடு? பெயரில்தான் ஆடு. நம் வெள்ளாடு சேர்ந்திருக்கும் பேரினத்தில் அதற்கு இடமில்லை. விலங்கியலாளர்கள் அதற்குத் தனி வீடே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இதைக் கேட்டு அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம் மாநில விலங்கு வரையாடு. வரை என்றால் மலை, மலையாடு. 2005-இல் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது, நம் வரையாடு வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. இமயமலையில் இருக்கும் தார் இதற்குப் பங்காளி என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆக, அங்கே மலையாடு வெள்ளாடு இல்லை, இங்கே வரையாடும் வெள்ளாடு இல்லை. பெயரை நம்பினால் பாதிதான் தெரியும். மீதி தெரிய வேண்டுமென்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பூங்காவின் தென் எல்லையில் நெடுஞ்சாலை ஓரமாக ஓர் இடம். கீழே பிளாட்ஹெட் ஆற்றின் நடுக்கிளை ஓடுகிறது. ஆற்றங்கரையில் சாம்பல் நிறத்தில் செங்குத்தான மண்சரிவு. அந்த மண்ணில் உப்பு இருக்கிறது. 'ஆடு நக்கும் இடம்' என்றே அதற்குப் பெயர். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த சருகைத் தின்றுவிட்டு, வசந்தத்தில் இளந்தளிரை மேயும்போது ஆட்டின் உடம்பில் உப்புச் சத்து குறைந்துவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் அதிகம் வேண்டும். அதனால் ஜூன், ஜூலை மாதங்களில் மைல் கணக்கில் நடந்து அந்தச் சரிவுக்கு வருகின்றன. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடக் கூடாது என்று சாலைக்கு அடியில் ஆட்டுக்கு வழிவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் மனிதருக்கே சுரங்கப்பாதை கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அது இருக்கட்டும்.

பார்வை மேடையில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு, இந்தப் பக்கம் நாங்கள். ஒரு தாய், ஒரு குட்டி. குட்டிக்கு ஆறு வாரம் இருக்கலாம். பிறக்கும்போது மூன்று கிலோ, பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும், சீக்கிரமே தாயின் பின்னால் பாறையில் தொற்றும். தாயின் மேலே பழைய குளிர்காலக் கம்பளி கந்தல் கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிடாக்கள் முன்னதாகவே கம்பளியை உதிர்த்துவிடும். குட்டிக்காரிகள்தான் கடைசி. வீட்டில் தாய்மார்கள் கடைசியாகச் சாப்பிடுவதுபோலத்தான்.

அந்தச் சரிவைப் பார்த்தால் பல்லி ஏறுமா என்று இருக்கும். தாய் அதில் ஒரு காலை வைக்கிறது. உடனே எடையைப் போடவில்லை. வைத்துப் பார்க்கிறது, அழுத்திப் பார்க்கிறது, மண் பொலபொலவென்று உதிர்கிறது, காலை எடுத்துக்கொண்டு வேறிடம் தேடுகிறது. அதன் குளம்பு இரண்டாகப் பிளந்தது. விளிம்பு கடினம், நடுவே ரப்பர் போல மெத்தென்ற தசை. விளிம்பு பாறை முனையைப் பிடிக்கும், தசை வழுக்கலைப் பிடிக்கும், இரண்டு விரலும் அகன்று இடுக்கில் இறுகும். இதெல்லாம் பிறகு படித்தது. கண்ணால் பார்த்தது வேறு. முதல் ஒரு மணி நேரம் அது எனக்குப் பிடிபடவில்லை. தாய் இடப்பக்கம் நகர்கிறது, வலப்பக்கம் நகர்கிறது, உப்பை நக்குகிறது, திடீரென்று நக்குவதை விட்டுவிட்டு இரண்டடி இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? மருமகன்தான் கண்டுபிடித்தார். "மாமா, குட்டியைப் பாருங்க. குட்டி எங்க போனாலும் அம்மா அதுக்குக் கீழ்ப்பக்கமாத்தான் நிக்குது."

அப்புறம் வேறெதையும் பார்க்க முடியவில்லை. குட்டி வலப்பக்கம் துள்ளினால் தாய் வலப்பக்கம், ஒரு படி கீழே. குட்டி இறங்கினால் தாய் அதற்கும் கீழே. குட்டி சறுக்கினால் முதலில் மோதுவது தாயின் விலாவில்தான். அதற்குப் பிறகுதான் அறுபதடிக் கீழே ஆறு. அந்தப் பக்கத்து மலைகளில் பல ஆண்டுகள் மலையாடுகளைப் பின்தொடர்ந்து நூல் எழுதிய டக்ளஸ் சாட்விக் என்ற விலங்கியலாளரை ஊர் திரும்பிய பிறகு வாசித்தேன். நாங்கள் மூன்று மணி நேரத்தில் கண்டதை அவர் ஆண்டுக்கணக்கில் கண்டிருக்கிறார். நாங்கள் இருந்த தூரம் நல்ல தூரம். அந்தத் தாய் எங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது, பிறகு தன் வேலையைப் பார்த்தது. இன்னும் நூறடி கிட்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். நாங்களும் எங்களைப் பார்க்கும் ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

மலையாட்டுக் கூட்டத்தில் அதிகாரம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் பெட்டைக்குத்தான். இணைசேரும் காலம் தவிர மற்ற நாட்களில் கிடாக்கள் பெட்டைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகும். சண்டை வந்தால் தலையோடு தலை முட்டாது. அதன் மண்டை அதற்குத் தாங்காது. பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வந்து அடுத்ததன் தொடையில் குத்தும். கத்திச் சண்டை. கிடாக்களுக்குப் பின்புறத் தோல் கேடயம்போலத் தடித்திருப்பது அதனால்தான்.

கத்திச் சண்டை இது என்றால், பெருங்கொம்புச் செம்மறியுடையது கிடாமுட்டு. மதுரைப் பக்கம் கிடாமுட்டு பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அதை அப்படியே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். வளர்ந்த கிடாவின் கொம்பு பதினான்கு கிலோ வரை இருக்கும். தலையில் ஓர் அரிசிச் சிப்பத்தில் பாதிக்கு மேல் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறது. நவம்பரில் இரண்டு கிடா எதிரெதிரே பின்வாங்கி, பின்னங்காலில் எழும்பி, மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் அந்தச் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். மண்டையோடு இரட்டை அடுக்கு, நடுவே தேன்கூடு போன்ற எலும்பு. அதனால்தான் மோதிவிட்டு உயிரோடு நிற்கிறது.

நான் போனது ஜூலை. அந்தச் சண்டையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னால் உங்களுக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் பார்க்கவில்லை. மெனி கிளேசியர் என்ற பள்ளத்தாக்கின் மேலே, ஒரு புல்சரிவில், கோடைக்கென்று தனியாகப் பிரிந்திருந்த ஏழு கிடாக்களைப் பார்த்தேன். சண்டையே இல்லை. ஆனால் எனக்குச் சண்டையைவிட அது பிடித்திருந்தது. நடுவயதுக் கிடா ஒன்று மூத்த கிடாவின் பக்கம் வருகிறது. மூத்தது தலையைச் சற்றே திருப்புகிறது, அவ்வளவுதான். கொம்பு முழுவட்டம் சுற்றியிருப்பது தெரிகிறது. கொம்பின் மேல் ஆண்டுக்கு ஒன்றாக வரிகள். நுனி தேய்ந்து உடைந்திருக்கிறது, பழைய சண்டைகளின் சாட்சி. சின்னது பார்க்கிறது, ஒதுங்கிப் போய் மேய்கிறது. ஊர்ப் பெரிய மனிதர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டால் பஞ்சாயத்தில் பேச்சு நின்றுபோவதில்லையா, அது மாதிரி.

இந்தச் சைகைகளையெல்லாம் முறையாக எழுதிவைத்தவர் வேலேரியஸ் கைஸ்ட். 1960-களில் கனடாவின் மலைகளில் இந்தச் செம்மறிகளோடு காலம் கழித்து, 1971-இல் பெரிய நூல் வெளியிட்டார். ஒவ்வொரு கிடாவையும் கொம்பு பார்த்தே அடையாளம் கண்டவர். கொம்பின் அளவே கிடாக்களுக்குள் வரிசையைத் தீர்மானிக்கிறது, அதனால் பெரும்பாலான வழக்குகள் முட்டாமலே தீர்கின்றன என்று காட்டினார். ஆண்டு முழுக்க மலையில் கிடந்தவருக்குத்தான் சண்டை எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். தொலைக்காட்சியில் ஆடு பார்ப்பவருக்கு அது தினமும் முட்டிக்கொண்டே இருப்பதாகத்தான் தோன்றும்.

இப்போது மறுபடி லோகன் கணவாய்க்கு வருவோம். தலைப்புக்கு வர வேண்டுமே.

கணவாயில் பெரிய வண்டி நிறுத்துமிடம். அங்கேயும் ஆடு வருகிறது. எட்டிப் பார்க்கத் தேவையில்லை, பைனாகுலர் தேவையில்லை. பலகை நடைபாதையில் எதிரே வந்து நிற்கும். குழந்தைகள் கூச்சலிடுவார்கள், அப்பாக்கள் செல்ஃபி எடுப்பார்கள். அங்கே நின்ற ஓர் ஆடு கைப்பிடிக் கம்பியை நக்கிக்கொண்டிருந்ததை ஐந்து நிமிடம் பார்த்தேன். அடியிலிருந்து நுனி வரை நக்கியது, திரும்ப அடிக்கு வந்தது. எதை நக்குகிறது? நம் கை வியர்வையை. பாதையோரம் யாராவது அவசரத்துக்கு ஒதுங்கியிருந்தால் அந்த மண்ணையும் நக்கும். சிரிக்காதீர்கள், ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கும் உண்மை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. அங்கே நாம் இடாமலே இட்ட உப்பை ஆடு உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

உப்பு மட்டும் காரணமில்லை. கரடியும் ஓநாயும் மனிதக் கூட்டத்துக்குப் பயந்து எட்டவே நிற்கும். ஆடு அதைக் கணக்கிட்டுவிட்டது. மனிதன் பக்கத்தில் இருந்தால் கரடி வராது. ஆக, நாம் வண்டி நிறுத்துமிடத்து ஆட்டுக்கு உப்புக்கடை, கூடவே காவல்காரன். அங்கே ஆய்வு செய்தவர்கள், மனிதரோடு பழகிய ஆடு தலைநிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பதையே குறைத்துக்கொள்கிறது என்று கண்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் சாலையை மூடி மனிதர் போன பிறகு, அதே ஆடு பழையபடி பாறைக்குத்தான் போக வேண்டும்.

இது எங்கே கொண்டுபோய் விடும்? பசிபிக் கரையோரம் ஒலிம்பிக் மலை இருக்கிறது. அங்கே மலையாடு இயற்கையாகக் கிடையாது. 1920-களில் வேட்டைக்கென்று சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். பெருகிவிட்டன. அந்த மலையில் உப்பு குறைவு. மனிதனே உப்பானான். பாதையில் மனிதரை விடாமல் பின்தொடரும் ஆடுகள் வந்தன. 2010-இல் ஒரு கிடா நடைப்பயணி ஒருவரைக் குத்திக் கொன்றது. கடைசியில் 2018 முதல் 2020 வரை, கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டரில் பையோடு தொங்கவிட்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட ஆடுகளை அந்த இனம் இயற்கையாகவே வாழும் கேஸ்கேட் மலைத்தொடர் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஆட்டின் மேல் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. கொண்டுவந்து விட்டவர்களும் நாம், உப்பு வைத்தவர்களும் நாம்.

பெருங்கொம்புச் செம்மறிக்கு நெருக்கம் இன்னொரு விதமாக எமனாகிறது. வீட்டுச் செம்மறியின் மூக்கில் ஒரு கிருமி குடியிருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது. மேய்ச்சலில் ஒரு காட்டுச் செம்மறி வந்து மூக்கோடு மூக்கு உரசிவிட்டுப் போனால் போதும். மந்தைக்கே நுரையீரல் காய்ச்சல். பெரியவை சாகும், பிழைத்த தாய்களின் குட்டிகள் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் சாகும். வேட்டையும் மேய்ச்சலும் நோயும் சேர்ந்து, 1900 வாக்கில் இந்த இனம் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிட்டது. இன்று பல்லாயிரக்கணக்கில் மீண்டிருக்கிறது. ஆனால் இந்தக் காய்ச்சலுக்கு இன்னும் நம்பகமான மருந்து இல்லை. எட்ட வைப்பதுதான் வைத்தியம்.

அந்தப் பூங்காவில் ஒரு விதி உண்டு. ஆட்டுக்கும் உங்களுக்கும் நடுவே எழுபத்தைந்து அடி, கரடி என்றால் முந்நூறு அடி. நான் அந்த எழுபத்தைந்து அடியை மீறினேன். ஒப்புக்கொள்கிறேன். கைப்பிடிக் கம்பியை நக்கிய ஆடு பத்தடியில் இருந்தது, நான் நகரவில்லை. படமும் எடுத்தேன். அந்தப் படத்தை இன்று திரையில் போடலாமே என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதில் இருப்பது ஆட்டின் வாழ்க்கை இல்லை, என் வியர்வை.

இங்கேயும் அதே கதை இருக்கிறது. மூணாறு பக்கம் இரவிகுளம் பூங்காவில், ராஜமலைச் சாலையோரம் வரையாடு நம் காலடியில் மேய்கிறது. உலகத்தின் மலை விலங்குகளையெல்லாம் தேடி அலைந்த ஜார்ஜ் ஷாலர் 1969-இல் அங்கே வந்து இவற்றை ஆராய்ந்தார். நம்மவர் டேவிதார் 1975-இலேயே இவற்றை எண்ணிப் பதிவுசெய்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,303 வரையாடுகள். ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான் இருக்கின்றன.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ராஜமலைக்குப் போகிறவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் போக வேண்டாம். குட்டி போடும் காலம், வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் போனால் சிப்ஸ் பொட்டலத்தைப் பையிலேயே வையுங்கள். சாலையோரத்து ஆட்டைக் கடந்து, மேலே, எதிர்ப்பாறையைப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஒரே இடத்தில் உட்காருங்கள். வாசலில் மேசைமேல் என் பைனாகுலர் இரண்டு இருக்கின்றன. கடன் தருகிறேன், பெயர் எழுதிவைத்துவிட்டு எடுத்துப் போகலாம். ஒன்றின் வலதுபக்கத் திருகு கொஞ்சம் இறுக்கம், மெதுவாகத் திருப்புங்கள்.